மேலே போகாத குரல்

ரவுட்டரை வீட்டில் எங்கே வைப்பது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தப்புச் செய்கிறார்கள். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். இல்லாவிட்டால் இரும்புப் பீரோவின் தலையில் ஏற்றி வைப்பார்கள். பிறகு உள்ளறையில் சிக்னல் வரவில்லை என்று கண்டவர்களையும் திட்டுவார்கள். இந்த வீட்டில் அந்தத் தப்பு கிடையாது. கூடத்தின் நடுச்சுவரில், ஆள் உயரத்துக்கு ஒரு பலகை அடித்து நான்தான் வைத்தேன். அதனால்தான் உங்கள் லேப்டாப்பில் காலையிலிருந்து ஒரு தடங்கலும் இல்லை.

உட்காருங்கள் மதினி. நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன். அண்ணன் கவுஞ்சிக்குப் போயிருக்கிறார். பூண்டுக் காட்டைக் குத்தகைக்காரரோடு சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தப் பனிமூட்டத்தில் பஸ் பிடித்து வர எப்படியும் இருட்டிவிடும். நமக்கு நேரம் இருக்கிறது.

ஆபீஸ் வேலைக்காக ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்றீர்கள். பாஸ்வேர்டை நான்தான் சொன்னேன். அதில் 'அம்மா' என்று பெயர் போட்டு ஒரு வரி இருந்தது. அம்மாவின் கம்ப்யூட்டர் எண், அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன அளவு, டிக் எடுக்கப்பட்ட ஒரு கட்டம். "இது என்ன பிரியா?" என்று கேட்டீர்கள். கேட்டபோது உங்கள் குரல் மாறியிருந்தது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர் நீங்கள். பாதி புரிந்த பிறகுதான் கேட்டிருப்பீர்கள்.

மீதியைச் சொல்கிறேன்.

அப்பா போன பிறகு கவுஞ்சிக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மாவும் நானும் நாயுடுபுரத்தில் இந்த வீட்டுக்கு வந்தோம். அண்ணன் அப்போது சிட்னிக்குப் போய்விட்டார். பாலம் கட்டுகிற படிப்பு, பாலம் கட்டுகிற வேலை. நான் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தேன். ஐ.பி. முகவரி என்பது கதவு எண் மாதிரி, ரவுட்டர் என்பது வருகிற கடுதாசியைப் பார்த்து எந்தக் கதவுக்கு எது என்று பிரித்துக் கொடுக்கிற தபால்காரர் மாதிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். இரண்டொரு வரன் வந்தது. அம்மாவை யார் பார்ப்பது என்று நானே வேண்டாமென்றேன். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதும் உண்மைதான்.

அம்மாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் பாதி கேட்கும். போனைக் கொடுத்தால், "ஆ? ஆ?" என்று கத்திவிட்டு என் கையில் திருப்பித் தந்துவிடுவாள். எதிரே இருப்பவரின் முகத்தையும் உதட்டையும் பார்த்தால்தான் அவளுக்குப் பேச்சு பிடிபடும். அதனால் இரண்டாயிரத்து ஏழில் எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் இழுத்ததும், அண்ணன் கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்க ஏற்பாடு செய்தார். நான் லைனை மோடத்தில் கொடுத்து, மோடத்தை ரவுட்டரில் சேர்த்து, அம்மாவின் கம்ப்யூட்டருக்கு மாறாத ஒரு எண்ணும் கொடுத்து வைத்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் முகம் திரையில் வந்தபோது அம்மா என் கையைக் கிள்ளினாள்.

"ஏத்தா, அவன் மூஞ்சி வாடிக் கெடக்கு. ஒழுங்காச் சாப்புடுறானான்னு கேளு."

"நீயே கேளும்மா. நீ பேசுறது அவருக்குக் கேக்கும்."

அம்மா நம்பவில்லை. மெதுவாக, "ஏலே கோகுலு" என்றாள். "என்னம்மா?" என்று அண்ணன் சிரித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் வேறு அம்மா. வெள்ளனே எழுந்து வெந்நீர் கேட்பாள். பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுப்பாள், பவுடர் போடுவாள். மற்ற நாளெல்லாம் கால் பிடித்துவிடும் போதும், தலை சீவிவிடும் போதும், கஞ்சி ஊட்டும் போதும் என்னிடம் ம், ஊகும் தவிர ஒன்றும் வராது. அண்ணனிடம் எல்லாம் வரும். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயோடு போட்ட சண்டை, அப்பாவைக் கனவில் பார்த்தது, ராத்திரி மூச்சு வாங்குவது. அதே வீட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் நான் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்துகொண்டேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பெற்றவளுக்கு மகன் மேல் ஆசை இருப்பது இயற்கைதானே.

உங்களை அண்ணன் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டதில் அம்மாவுக்குக் கோபம் இருந்தது. எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள், நம்ம சனம் இல்லை என்று முதலில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கோபமும் ஞாயிறு ஞாயிறாகக் கரைந்தது. ஒரு நாள் அண்ணன், "அம்மா, எங்ககூட வந்துருங்க. விசாவுக்கு நான் பாத்துக்கிறேன். இங்கேயே இருங்க" என்றார்.

"வர்றேன்யா" என்றாள் அம்மா. யோசிக்கவே இல்லை. "அந்தப் புள்ளையையும் ஒரு தரம் கண்ணுல காட்டு. இங்க எனக்கு என்ன கெடக்கு."

"பிரியா?"

"அவ பொழச்சுக்குவா. அவளுக்கென்ன."

நான் அப்போது காபியோடு கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஆள் வருவது அம்மாவுக்குக் கேட்காது. டம்ளரை அவள் கையில் கொடுத்தேன். சூடாக இருக்கிறது, பார்த்துப் பிடி என்று சொன்னேன்.

சிட்னிக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், அந்த உடம்பு தாங்குமா என்பதை யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். எனக்கு இருந்தது அந்தக் கவலைதான்.

அடுத்த ஞாயிறு மோடத்திலிருந்து ஒயரை லேசாக உருவிவிட்டேன். அது அவசரத்தில் செய்த காரியம். அண்ணன் உடனே என் செல்லுக்குக் கூப்பிட்டார். மறுநாளே டெலிபோன் ஆபீசிலிருந்து ஞானவேல் வந்து, கம்பத்தில் ஏறிப் பார்த்து, இறங்கி உள்ளே வந்தார்.

"லைன் சுத்தமா இருக்கு தங்கச்சி. இந்த ஒயருதான் கழண்டு கெடக்கு. எலி இழுத்திருக்கும்" என்று சொருகிவிட்டுப் போனார்.

அதில் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். முழுக்க அறுந்துபோனால் மனிதர்கள் லைனில் குறை தேடுவார்கள். பாதி வேலை செய்தால் ஒருவரிடம் ஒருவர் குறை தேடிக்கொள்வார்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். வீட்டு லைனில் உள்ளே வருவதற்கு அகலமான வழி, வெளியே போவதற்குக் குறுகலான வழி. அண்ணனின் முகமும் குரலும் நமக்கு வருவது டவுன்லோடு. அம்மாவின் முகமும் குரலும் அங்கே போவது அப்லோடு. பாட்டும் படமும் இறக்கிப் பார்க்கிறவர்களுக்கு அப்லோடு குறுகலாக இருப்பது தெரியவே தெரியாது. அம்மாவைப் போல முகம் காட்ட உட்காருகிறவர்களுக்குத்தான் அது வேண்டும். அந்தக் குறுகலான வழியை, அம்மாவின் எண்ணுக்கு மட்டும், நான் இன்னும் குறுக்கினேன். உள்ளே வரும் வழியைத் தொடவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அவள் மகன் எப்போதும் பளிச்சென்று தெரிந்தார்.

எவ்வளவு குறுக்குவது என்று சென்டரில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்துப் பழகிப் பார்த்தேன். ரொம்பக் குறுக்கினால், கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிடுவார்கள். குறுக்காமல் விட்டால் பயனில்லை. பேசினது போக வேண்டும், ஆனால் வரிசையில் நின்று பிந்திப் போக வேண்டும். வழியில் ஒன்றிரண்டு வார்த்தை விழுந்துவிட வேண்டும். படம் போக வேண்டும், ஆனால் ஏதோ ஒரு முகத்தில் உறைந்து நிற்க வேண்டும். சரியான அளவு கிடைக்கும்வரை பொறுமையாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். நீங்கள் பார்த்தது அந்த அளவுதான்.

அண்ணன் உங்களை அம்மாவுக்குக் காட்டிய ஞாயிற்றுக்கிழமைதான் அது முதலில் வேலை செய்தது.

நீங்கள் மாம்பழ நிறத்தில் சேலை கட்டியிருந்தீர்கள். பூ கிடைக்கவில்லை போலிருக்கிறது, தலையில் ஒன்றும் இல்லை. அண்ணன் சொல்லி, கேமராவுக்கு முன்னால் குனிந்து கும்பிட்டீர்கள். அதெல்லாம் இங்கே துல்லியமாகத் தெரிந்தது. அங்கே உங்களுக்கு என்ன தெரிந்தது என்பதை அண்ணன் சாயந்தரம் என்னிடம் போனில் சொன்னார்.

"ஏன் பிரியா, அம்மா அவளைப் பாத்ததும் தலையில அடிச்சுக்கிட்டாங்களே. ரெண்டு கையும் தலையில வச்சபடியே இருந்தாங்க. ஒரு வார்த்தை பேசலை. இந்து அழுதுக்கிட்டே உள்ள போயிட்டா."

"விடுங்கண்ணே. அந்தக் காலத்து மனுசி. நான் பக்குவமாப் பேசிப் பாக்குறேன்" என்றேன்.

"லைன் எதுவும் மக்கர் பண்ணுதோ?"

"இங்க நீங்க கண்ணாடி மாதிரித் தெரியிறீங்கண்ணே."

அது பொய்யில்லை.

அம்மா அன்று என்ன செய்தாள் என்பது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. உங்கள் முகத்தைத் திரையில் இரண்டு கையாலும் வழித்தாள். வழித்த கையைத் தன் தலையில் வைத்து, படபடவென்று நெட்டி முறித்தாள். "மூக்கும் முழியுமா லட்சணமாத்தான் இருக்கா. எங்கண்ணே பட்டுரும். ஏத்தா, வெரசா வந்துரும்மா ஒன் வீட்டுக்கு" என்றாள். கை தலையில் இருந்த அந்த நொடியில் படம் நின்றிருக்கிறது. நெட்டி முறித்த சத்தம் வழியில் விழுந்துவிட்டது. பேசினது, நீங்கள் எழுந்து போன பிறகு துண்டு துண்டாக வந்திருக்கும். இங்கே அம்மா பார்த்ததெல்லாம், அவள் வாழ்த்தி முடிப்பதற்குள் மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனதைத்தான்.

"புடிக்கலையோ என்னமோ அந்தப் புள்ளைக்கு" என்று அம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குத் தலைவலித் தைலம் தேய்த்துவிட்டேன்.

அழுகிறீர்கள். அழுங்கள். அந்த வருத்தத்தை நீங்கள் அப்படியே மனதில் வைத்துக்கொண்டிருப்பதைவிட இப்போது தெரிந்துகொள்வது நல்லதுதானே.

அதற்குப் பிறகு நான் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அம்மா ஒன்று கேட்பாள். அது போய்ச் சேருவதற்குள் அண்ணன் வேறு ஒன்றைத் தொடங்கியிருப்பார். அம்மா காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்பாள். முதலில் கேட்டதற்குப் பதில் அப்போது வரும். அண்ணனின் திரையில் அம்மா கல் மாதிரி உட்கார்ந்திருப்பாள். அம்மாவின் திரையில் அண்ணன் எங்கோ பார்த்துக்கொண்டு பெருமூச்சு விடுவார், கொட்டாவி விடுவார். எல்லாம் தெளிவாகத் தெரியும். திரையில் கண்ணை இடுக்கிப் பார்ப்பது அம்மாவின் வழக்கம். அந்த முகத்தில் படம் நின்றால் முறைப்பது மாதிரி இருக்கும் போல. விசாப் பேச்சு தானாக நின்றது. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, யாரும் மறுபடி எடுக்கவில்லை.

லைனில் ஒன்று போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று நீங்கள் இருவரில் ஒருவர் ஒரு தடவை பிங் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அண்ணனுக்கு அதெல்லாம் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

மழைக்காலம் முடிந்ததும் அம்மாவுக்குக் கால் வீங்கியது. வாசலிலிருந்து ரோட்டுக்கு ஏற முடியாமல் நின்று நின்று மூச்சு வாங்கினாள். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இதயத்தில் வால்வு பழுது, ஆபரேஷன் செய்தால் நன்றாக இருப்பார், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். இதை நான் அம்மாவிடம் மறைக்கவில்லை. காதருகே கத்தியும், எழுதிக் காட்டியும், இரண்டு விதமாகவும் சொன்னேன்.

"கோகுலு சொன்னாப் பண்ணிக்கிறேன்" என்றாள். "நீ அவங்கிட்ட எதுவும் சொல்லாத. நானே கேக்குறேன்."

சொல்லாதே என்றாள், நான் சொல்லவில்லை. அவள் பேச்சை நான் என்றைக்கும் மீறியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா உடனே விஷயத்துக்கு வரவில்லை. "கவுஞ்சில பூண்டு எடுத்திருக்காங்க. நல்லாத் தெரட்சியா இருக்கு. ஒரு மூட்டை கட்டி அனுப்பவா?" என்று தொடங்கினாள். பதில் இல்லை. அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அம்மா கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும்" என்றாள். "ஏய்யா, டாக்டரு நெஞ்சுல ஆபரேசன் பண்ணணுங்கிறாரு. பண்ணிக்கிறவா?"

அப்போதுதான் பூண்டு அங்கே போய்ச் சேர்ந்தது. அண்ணன் சிரித்தார்.

"அதெல்லாம் வேணாம்மா. எதுக்கு வீண் அலைச்சல்?"

அம்மா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் படித்தாள். ஒரு எழுத்து தவறவில்லை. "வேணாங்கிறியா?" என்று கேட்டாள், அண்ணனிடம் இல்லை, தனக்குள். பிறகு, "சரிய்யா. நீ சொன்னாச் சரி" என்று நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள்.

மதினி, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அம்மாவின் கேள்வி அந்த நேரத்தில் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. அதோ அந்தப் பலகையில், அந்தப் பெட்டிக்குள், வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் போயிருக்கும். அண்ணன் கேட்டிருப்பார். அன்றைக்கே டிக்கெட் போட்டிருப்பார். அம்மாவை மதுரையில் படுக்க வைத்து, எழுப்பி, தன்னோடு கூட்டிக்கொண்டு போயிருப்பார். நான் மூன்று எட்டு நடந்து ரவுட்டரின் சுவிட்சை அணைத்தேன். அணைத்துவிட்டால் வரிசையில் நிற்பது எதுவும் போகாது. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பேன்.

அண்ணன் என் செல்லுக்கு வந்தார். "என்ன, கட்டாயிருச்சு?"

"கரண்டு போயிருச்சுண்ணே. அம்மா படுக்கப் போயிட்டாங்க."

"நான் எதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா? மூஞ்சியே சரியில்லையே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. நீங்க வேலையப் பாருங்க."

அம்மாவிடம் போய், அண்ணன் சொன்னது பூண்டுக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவோ நாள் இருந்தது. காலையில் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். அவளைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, வெயிலில் உட்கார வைத்துவிட்டுச் சென்டருக்குக் கிளம்பினால் நேரமாகிவிடும். அப்புறம் அவளே ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் திறப்பதை விட்டுவிட்டாள். போட்டிருக்கிற சேலையோடு வந்து உட்கார்ந்து, "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்று எழுந்துவிடுவாள். தானாக எதையும் கேட்காமல் இருக்கிறவளிடம் வலிய எதையாவது சொல்லி மனதைக் கலைப்பது சரியா?

என்னோடு பேசத் தொடங்கினாள். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொன்னுத்தாய் சண்டை, அப்பா கனவு, எல்லாம். கவுஞ்சியில் கல்யாணம் ஆகி வந்த புதிதில் படிக்கட்டு வயலில் சறுக்கி விழுந்த கதையை ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னாள். நான் சென்டருக்கு லீவு போட்டுவிட்டுக் கேட்டேன். அந்தக் குளிர்காலம் மாதிரி ஒரு காலம் என் ஆயுசில் இல்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அண்ணனுக்குப் போன் செய்தேன். பதறிப்போய்க் கம்ப்யூட்டருக்கு வந்தார். நான் மேசையை இழுத்து அம்மாவின் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து அந்த டிக்கை எடுத்தேன். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. அவர்கள் இருவரும் அன்றைக்கு நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

"அம்மா, அண்ணன் வந்திருக்கு பாரு" என்று தோளைத் தொட்டேன்.

அம்மா திரையைப் பார்த்தாள். அண்ணன் அழுதுகொண்டிருந்தார். "அம்மா, இங்க பாருங்கம்மா" என்றார். தாமதமே இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவது மாதிரி இருந்தது. அம்மா மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அவனுக்கு ஆயிரம் சோலி கெடக்கும். விடு, போகட்டும்."

இத்தனை மாதத்தில் அன்றுதான் படம் அங்கே துல்லியமாகப் போனது. அண்ணன் துல்லியமாகப் பார்த்தது அம்மாவின் முதுகை. உங்களிடம் சொல்லியிருப்பார்.

இதையெல்லாம் நீங்கள் அவரிடம் சொல்லலாம். நான் தடுக்கப் போவதில்லை. ஓடிப்போகவும் மாட்டேன். அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்டால், வால்வில்தான் செத்தாள். அந்த வால்வைச் சரிசெய்ய விடாமல் வைத்திருந்தது நான். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைக் கடைசியாகச் சொல்லிவிடுகிறேன், அதையும் சேர்த்தே சொல்லுங்கள். அண்ணனின் முகம் திரையிலிருந்து போன பிறகு, அம்மா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைத் தேடினாள். பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "எனக்கு நீ ஒருத்தி போதும்த்தா" என்றாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை மதினி. அம்மா தானாகத்தான் சொன்னாள்.